தி டார்க் மோட்: ரசிகர்கள் கட்டிய களவுலகம்

இலவச கேம் என்றால் அரைகுறை என்று நினைப்பவர்கள் தி டார்க் மோடை ஒருக்கால் இறக்கிப் பாருங்கள். 2009இல் டூம் 3 என்ற கேமை மாற்றியமைக்கும் மோடாக வந்து, 2013இலிருந்து தனியாகவே ஓடுகிறது. நீங்கள் ஒரு கள்வன். பிடிபடாமல் வீடு புகுந்து திரும்பவேண்டும். மிஷன்களை உருவாக்குபவர்கள் ரசிகர்கள்தான்.

கதை சொல்லும் விதத்துக்காகவே எனக்கு இது பிடிக்கும். நல்ல மிஷனில் யாரும் நிறுத்திவைத்து விளக்கம் சொல்வதில்லை. மேசையில் கிடக்கும் கடிதத்தை வாசித்த பிறகுதான் புதிய குறிக்கோள் ஒன்று சேரும். காவலர்கள் தங்களுக்குள் கதைப்பதை ஒளிந்து நின்று கேட்டால் அந்த வீட்டுச் சண்டை விளங்கும். தண்ணீர் அம்பால் பந்தத்தை அணைக்கலாம், கல் தரையில் காலடி கேட்காமலிருக்கப் பாசி அம்பு விடலாம். ஹெட்போன் கட்டாயம் வேண்டும்.

தரம் மிஷனுக்கு மிஷன் மாறும். சிலர் டைரிகளைப் பக்கம் பக்கமாக வாசிக்கவைத்து அலுப்படிக்கிறார்கள். அநேகமாக எல்லாம் ஆங்கிலம்.

கொக்குவிலில் என் தம்பி மிஷன் உருவாக்கும் டார்க்ரேடியன்ட் எடிட்டரில் ஒரு நாற்சார் வீடு கட்டுகிறான். நடுமுற்றத்தில் நிலவொளி வடிவாக விழுகிறது. ஆனால் அங்கே யார் இருந்தார்கள், எதை ஒளித்தார்கள் என்று அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. அது இல்லாமல் வெறும் கட்டடம்தான் என்று அவனிடம் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன்.

புதியவர்கள் கூடவே வருகிற பயிற்சி மிஷனை முதலில் முடியுங்கள். அப்புறம் மெனுவிலேயே மற்றவற்றை இறக்கலாம்.