மூச்சுக்குழாய் விரிவு நோய்: செவிலியரா, டாக்டரா?

பிராங்கியெக்டாசிஸ் வந்தவர்களுக்கு மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துவிடும். சளி தேங்கும், கிருமி அடிக்கடி தொற்றும். வாழ்நாள் முழுக்க வெளிநோயாளிப் பிரிவுக்கு நடக்க வேண்டியதுதான். அங்கே யார் பார்த்தால் நல்லது?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் 80 நோயாளிகள். ஒவ்வொருவரையும் ஓராண்டு சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர், ஓராண்டு டாக்டர் என மாற்றிப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் நுரையீரல் திறன் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் செவிலியர் பக்கம் மருத்துவமனையில் சேர்ப்பதும் ஆன்டிபயாட்டிக்கும் கூடின, செலவும் ஏறியது. இரண்டாம் ஆண்டில் அந்தச் செலவு வித்தியாசம் சுருங்கிவிட்டது. செவிலியருக்கு அனுபவம் கூடக் கூடத் தயக்கம் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இருமலில் ரத்தம் வந்தால் டாக்டர்தான், அதில் பேச்சே இல்லை. சரி, வெள்ளையாக இருந்த சளி பச்சையானால் என்ன செய்வது? எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் சளி வெளியே வரும்? பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்ட நேரம் வேண்டும். அந்த நேரம் பெரும்பாலும் செவிலியரிடம்தான் கிடைக்கும். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு நான் செவிலியரையே சொல்வேன், கூப்பிட்டால் டாக்டர் வருவார் என்ற உறுதி இருக்கும்வரை.