பழைய சிடி 200 ஒயில் ஒழுகுதா? பரந்தனில் காட்டிப் பாருங்கள்

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டில் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் எம்டி 90, சிடி 200 என்று பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், அதுதான் அடையாளம்.

என் சிடி 200 நிறுத்துகிற இடமெல்லாம் ஒயில் சொட்டியது. முன்பு காட்டிய இடத்தில் பார்த்த உடனேயே ஹெட் கஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதி பொருந்துகிற இடத்தில் கசியாமல் வைக்கிற தகடு) போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். இங்கே திருத்துகிற பாஸ் ஸ்பானரையே எடுக்கவில்லை. சைக்கிளை நேராக நிறுத்தி, ஒயில் அளக்கிற குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையை இறுக்காமல் சும்மா வைத்து ஒயில் மட்டம் பார்த்தார், கூடிப்போனாலும் கசியுமாம். அப்புறம் எஞ்சின் ஆறும்வரை விட்டு, கிரவல் புழுதியும் ஒயிலும் சேர்ந்து இறுகிக் கிடந்ததை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, குழந்தைகளுக்குப் பூசுகிற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவி, "விசுவமடுப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடிப்போட்டு வாங்கோ தம்பி" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது ஹெட் பக்கம் பவுடர் நனையாமல் வெள்ளையாகவே இருந்தது, அங்கே கசிவில்லை. ஓடும்போது ஒயில் காற்றோடு பின்னுக்கும் கீழுக்கும் பரவும், அதனால் சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு நனைந்ததில் ஆக மேலேயும் முன்னேயும் இருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால் ஈரம் தொடங்கியது கியர் ஷாஃப்ட் சீலில், அதாவது கியர் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒயிலைத் தடுக்கிற றப்பர் வளையத்தில்.

சீலை மாற்றிக் காசை வாங்கியிருக்கலாம். மனிதர் அதோடு விடாமல் எஞ்சின் உள்காற்று வெளியேறுகிற பிறீதர் பைப்பைக் கழற்றினார், உள்ளே குளவி மண் கூடு கட்டி அடைத்திருந்தது! பிஸ்டன் தள்ளுகிற காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதனூடாக ஒயிலைத் தள்ளிவிடும். அடைப்பை எடுக்காமல் புது சீல் போட்டிருந்தால் அதுவும் கசிந்திருக்கும். ஷாஃப்ட் ஆடுகிறதா என்றும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சீல் போட்டார். ஆடினால் எந்த சீலும் நிற்காது.

கசிவை அடைக்கிற சிலிக்கன் பசை பூசுவதில்லை, அதற்கே தனி மதிப்பெண். அளவில்லாமல் அப்பினால் உள்ளே பிதுங்கி உடைந்து ஒயில் போகிற வழியை அடைத்துவிடும்.

குறைகளும் உண்டு. சாமான் வைத்திருப்பதில்லை, பழைய சீலைக் கையில் தந்து கிளிநொச்சிக்கு அனுப்புவார், உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றும் பொருந்தப் பார்த்து நாம்தான் வாங்கி வர வேண்டும். இருக்க ஒரு கதிரை இல்லை, மத்தியானம் தகரத்துக்குக் கீழே நிற்கவே முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். ரசீது கேட்டால்தான் எழுதுவார்.