தலை மழுங்கிய போல்ட்: எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டா, வெல்டிங்கா, ஈஸி அவுட்டா?

காரில் ஒரு போல்ட்டின் தலை மழுங்கிவிட்டால் எந்த டூல் வாங்கலாம் என்றுதான் முதலில் தேடுவோம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தலை மட்டும் போயிருக்கிறதா, இல்லை மரையும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறதா? ஆயில் சம்ப்பின் டிரெயின் பிளக் (என்ஜின் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) பெரும்பாலும் முதல் ரகம். யாரோ பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானரைச் சாய்வாக மாட்டி இழுத்திருப்பார்கள். உள்ளே மரை எண்ணெயில் ஊறி நன்றாகவே இருக்கும். சைலன்சர், பிரேக் காலிப்பர் பக்கம் போனால் இரண்டு தொல்லையும் சேர்ந்து வரும். கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

தலை மட்டும் போன கேஸுக்குச் செலவில்லாத வழியே போதும். ஒரு படி சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது. துரு தின்று தலை சிறுத்திருந்தால் 14 மி.மீ. தலைக்கு 13 மி.மீ. சாக்கெட் ஏறிவிடும். மூலைகள் மட்டும் மழுங்கியிருந்தால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் அதிகம், ஏறாது. அங்கே கைகொடுப்பது இன்ச் சாக்கெட். 10-க்கு 3/8 இன்ச் (சுமார் 9.5 மி.மீ.), 13-க்கு அரை இன்ச் (12.7 மி.மீ.). பழைய சாக்கெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அடி வாங்கியபின் அதை வேறு வேலைக்கு நம்ப முடியாது. வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் பிளையர்) போட்டும் கழற்றலாம், தலை வெளியே துருத்திக்கொண்டு பக்கவாட்டில் கை போக இடம் இருந்தால் மட்டும். வழுக்க வழுக்க அது தலையை இன்னும் உருண்டையாக்கும் என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய ஈர்ப்பு இல்லை.

எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டின் உள்சுவரில் எதிர்த்திசையில் சுழன்றிறங்கும் பற்கள் இருக்கும். இடதுபக்கம் திருகத் திருக அவை தலைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். ஒரு செட் வாங்கி வைத்தால் வீட்டு வேலையில் பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். இரண்டு தட்டு தட்டி உட்கார வைத்து, நீளக் கம்பியால் நிதானமாக இழுக்க வேண்டும். கழன்ற போல்ட் சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பின்னால் உள்ள சதுர ஓட்டை வழியாகப் பஞ்ச் விட்டுத் தட்டினால் விழும். இதன் பலவீனம், தலையைச் சுற்றி இடம் வேண்டும். மரை இறுகியிருந்தால் தலையே முறிந்து கையோடு வரலாம்.

மரை இறுகிய போல்ட்டுக்கு என் ஓட்டு வெல்டிங்குக்குத்தான். மழுங்கிய தலையின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் ஓட்டைக்குள் வெல்டிங் வைக்கிறோம். புதுத் தலையும் கிடைக்கிறது, சூடும் நேரே மரைக்குள் இறங்குகிறது. சூட்டில் விரிந்து மறுபடி சுருங்கும் போதுதான் துருவின் பிடி உடைகிறது. ஆகவே சிவப்பு மறைந்து கொஞ்சம் ஆறியபின் ஸ்பானர் போட வேண்டும். ஒரே இழுப்பாக இல்லாமல் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். முறிந்து உள்ளே போன போல்ட்டையும் இப்படி வெல்டிங்கால் மேலே வளர்த்து எடுக்கலாம். சுற்றி இருப்பது அலுமினியம் என்றால் இன்னும் வசதி, இரும்பு வெல்டிங் அதில் ஒட்டாது.

ஆனால் பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு வரும். உயிருக்கே ஆபத்து, அங்கே வெல்டிங்கை மறந்துவிடுங்கள்.

ஈஸி அவுட் (போல்ட்டில் துளையிட்டு இறக்கி இடதுபக்கம் திருகும் கூம்பு ஆணி) பெயரில்தான் ஈஸி. முழுத் தலையோடு ஸ்பானருக்கு அசையாத போல்ட்டை, அதன் நடுவே துளையிட்டு இறக்கிய ஒல்லி ஆணி எப்படித் திருகும்? கூம்பு வடிவம் வேறு, உள்ளே போகப் போகப் போல்ட்டை விரித்து இன்னும் இறுக்குகிறது. உள்ளே உடைந்தால் இன்னும் தொல்லை, அந்த ஆணி மிகக் கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட்டால் துளையிடவும் முடியாது. வெல்டிங்குக்கு வழியில்லாத இடத்தில் நான் இடதுசுற்று டிரில் பிட்டைத் தேடுவேன். கடைகளில் எளிதில் கிடைக்காது. டிரில் மெஷினும் ரிவர்ஸில் ஓட வேண்டும். சரியாக நடுவில் பஞ்ச் அடித்துத் தொடங்கினால், துளை போடும்போதே பல நேரம் போல்ட் சுழன்று வெளியே வந்துவிடும்.

எந்த வழியானாலும் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். அப்புறம், காலிப்பர் போல்ட்டுக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். பழைய போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று அதன் வலிமைத் தரம் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். அந்த எண் மழுங்கிப் போயிருந்தால் வண்டி மாடலைச் சொல்லி அதே போல்ட்டை வாங்குங்கள்.