பசையா, புதுச் சக்கரமா, பித்தளையா? சத்தமிடும் குட்டி எஞ்சினுக்கு எது மருந்து

என் மாதிரி ரயிலின் எச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) டீசல் எஞ்சின் ஒன்று 'டிக், டிக்' என்று தட்டிக்கொண்டே ஓடியது. மோட்டார்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி அதை மாற்றினேன். தட்டல் அப்படியே இருந்தது. பிறகுதான் சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன்: ஒரு சுற்றுக்கு ஒரு தட்டல். சக்கர அச்சில் உள்ள பற்சக்கரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்!

எந்த வைத்தியம் என்பதைச் சத்தமே சொல்லிவிடும். விடாத உறுமல் என்றால் பெரும்பாலும் காய்ந்துபோன கிரீஸ். ஒரு திசையில் மட்டும் கத்தினால், மோட்டாரிலிருந்து வந்து பற்சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் திருகு முன்னும் பின்னும் ஆடுகிறது. மெல்லிய வாஷர் ஒன்று போதும். சுற்றுக்கு ஒரு முறை தட்டினால் பற்சக்கரம் பிளந்திருக்கலாம், அல்லது பல்லிடுக்கில் அழுக்கு அடைத்திருக்கலாம்.

ஆகவே கழுவிப் பார்ப்பதே முதல் வேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் போதும். பிறகு பற்களில் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் சிறிதளவு, தாங்கிகளில் ஒரு சொட்டு எண்ணெய். தாராளம் கூடாது, மிஞ்சியது தண்டவாளத்துக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் தேய்ந்த பல்லை கிரீஸ் வளர்த்துவிடாது. சில நாள் அமைதிக்குப் பிறகு சத்தம் திரும்பினால் அடுத்த வழியைப் பார்க்க வேண்டும்.

பிளந்த பற்சக்கரத்தை ஒட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒட்டினேன், வீண். இந்தச் சக்கரங்கள் பலவும் அசிட்டால் அல்லது நைலான் என்னும் பிளாஸ்டிக். அசிட்டாலில் பசை பிடிப்பதே அரிது. பிடித்தாலும் பயனில்லை: இறுக்கமாகச் செருகிய அச்சு உள்ளிருந்து நெட்டித்தான் சக்கரமே பிளந்தது. அகன்ற இடைவெளியைப் பசை அப்படியே உறையவைக்கிறது, தட்டலும் தொடர்கிறது.

அப்படியானால் பித்தளையில் வாங்கிப் போட்டுவிடலாமா? நீராவி எஞ்சின் மாதிரியின் பற்பெட்டியில் எஃகு வார்முக்குப் பித்தளைச் சக்கரம் நல்ல ஜோடி, நெடுநாள் உழைக்கும். பல டீசல் மாதிரிகளிலோ அந்தப் பிளாஸ்டிக் சக்கரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரு பக்கமும் அரை அச்சுகளைப் பிடித்திருப்பதும், இடது வலது சக்கரங்களின் மின்சாரம் கலக்காமல் காப்பதும் அதுதான். அங்கே பித்தளையைச் செருகினால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். வலிமையைப் பார்த்து மயங்குகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

வீட்டு அச்சு இயந்திரத்தில் முப்பரிமாணமாக அச்சிடுவது? 0.4 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) சக்கரத்தில் ஒரு பல்லின் தடிமன் ஏறத்தாழ 0.63 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும், பரவலாக உள்ள இயந்திரத்தின் முனைத்துளையே 0.4 மில்லிமீட்டர். ஒன்றரைக் கோட்டில் பல்லை வரைய முடியாது. திரவப் பிசினை உறையவைத்து அச்சிடும் வகையில் நுணுக்கமாக வரும், ஆனால் பல பிசின்கள் நொறுங்கும் குணமுடையவை. பெரிய அளவு எஞ்சின்களுக்கு வேண்டுமானால் முயலலாம்.

ஆக, டீசலுக்கு என் தேர்வு அதே பிளாஸ்டிக்கில் புதுச் சக்கரம். வாங்குமுன் பற்களை எண்ணுங்கள், வெளிவிட்டத்தைக் காலிப்பரில் அளந்து பாருங்கள். பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி மாட்யூலால் பெருக்கினால் வெளிவிட்டம் வரும்: 14 பல், 0.4 மாட்யூல் என்றால் 6.4 மில்லிமீட்டர். நேர்ப்பற் சக்கரத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அச்சின் விட்டத்தையும் மறக்க வேண்டாம். துளை சற்றே குறுகினாலும் புதியதும் பிளக்கும். பிரிப்பதற்கு முன்பே தண்டவாளத்தில் ஓடும் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து குறித்துவைத்தால், திரும்பச் செருகிய பிறகு, தண்டவாளம் பிரியும் பாயிண்டுகளில் எஞ்சின் தடம் புரளாது.

பிளவில்லாமல் பல் மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் செலவே இல்லாத வழி உண்டு: சக்கரத்தை இடவலமாகத் திருப்பிப் போடுங்கள், தேயாத முகம் வேலைக்கு வரும். பிளந்தது என்றால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒரே வார்ப்பில் வந்த மற்றவையும் அதே வயதுதான். நான் ஒன்றை மட்டும் மாற்றி, நான்கு முறை அதே எஞ்சினைத் திறந்தேன்.