‘பழைய கியரே போதும்’ என்று சொல்லி விற்கப்பட்ட கேம்ஷாஃப்ட்

ஃபோர்டு 300 இன்ஜினுக்கு ரோலர் கேம்ஷாஃப்ட் கிட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டும், அதன்மேல் உருளும் டேப்பட்டுகளும் சேர்ந்தது) வாங்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கியரையே வைத்துக்கொள்ளலாம், வேறு எதையும் மாற்ற வேண்டாம்’ என்று எழுத்து மூலமாக உறுதி சொல்லி ஒருவர் எனக்கு எஃகு கேம்ஷாஃப்டை விற்றார். (டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஸ்பார்க் பிளக்குகளுக்கு நேரம் பார்த்து மின்சாரத்தைப் பகிர்ந்து தருவது.) அதன் விளைவாக, புதிதாகக் கட்டிய இன்ஜினை மறுபடி மொத்தமாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கடை மாறினாலும் இந்தப் பேச்சு மாறாது. எனவே பேச்சை அடையாளம் கண்டுகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என்னுடையது 1981-ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 பிக்கப். டெக்சஸில் வசிக்கும் எனக்கு டிரெய்லர் இழுக்கவும் மரம், மண் ஏற்றவும் ஒரு பழைய வண்டி தேவைப்பட்டது. அதில் இருக்கும் வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினை ஃபோர்டு 1965 முதல் 1996 வரை தயாரித்தது. 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர். சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3.98 அங்குலம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. கேம்ஷாஃப்டைச் சுழற்ற செயின் கிடையாது. கிராங்கின் கியரும் கேமின் கியரும் நேரடியாகப் பல்லோடு பல் பொருந்தும். சீறிப் பாயும் இன்ஜின் அல்ல இது. சுமை இழுக்கும் இன்ஜின். நான் சிலிண்டர்களை 0.030 அங்குலம் கூடுதலாகக் குடைந்து, நான்கு பேரல் கார்புரேட்டர் வைத்திருந்தேன். 1987 முதல் வந்த எரிபொருள் ஊசி மாடல்களின் இரட்டை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளையும் பொருத்தியிருந்தேன். (300 வைத்திருப்பவர்கள் அந்த மேனிஃபோல்டுகளுக்காகப் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றி வருவது சும்மா இல்லை. குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல மாற்றம் அது.) கேம்ஷாஃப்ட் ஒன்றுதான் மீதி இருந்தது.

முதல் உரசல் அளவிலேயே தொடங்கியது. அந்தக் கிட்டின் விளம்பரத்தில் வால்வு திறந்திருக்கும் அளவு, கிராங்க் சுழற்சியில், 276 டிகிரி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது விளம்பர அளவு. டேப்பட் துளி அசைந்ததுமே எண்ணத் தொடங்கிவிடுவார்கள். எந்தத் துளியில் தொடங்குவது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒரு கேமை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் டேப்பட் 0.050 அங்குலம் எழுந்த நிலையிலிருந்து எண்ணிய டிகிரி வேண்டும். அதைக் கேட்டால் பேச்சு மாறியது. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, 224 என்று பதில் வந்தது. சுமை இழுக்கும் வண்டிக்கு அது பெரிது. இன்டேக் வால்வு மூடத் தாமதமாகத் தாமதமாக, குறைந்த சுற்றில் உள்ளே வந்த கலவை வந்த வழியே வெளியேறும்; 300-இன் சிறப்பே குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவைதான், அது போய்விடும். எனக்கு 210-க்கு மேல் வேண்டாம் என்றேன். ‘பிறகு வருத்தப்படுவீர்கள்’ என்றார். வருத்தம் வந்தது உண்மைதான், ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. கடைசியில் 210 டிகிரியில் அரைத்துத் தர ஒப்புக்கொண்டார்.

அடுத்து நான் கேட்டது, கேம்ஷாஃப்ட் எந்த உலோகத்தில் ஆனது, டிஸ்ட்ரிபியூட்டர் கியரை மாற்ற வேண்டுமா என்பது. அதற்கு வந்த பதில்தான் மேலே முதல் பத்தியில் இருக்கும் வாக்கியம். உலோகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுபடி கேட்டதற்கு, ‘பந்தயத் தரம், கெட்டிப்படுத்தியது’ என்றார். எதைக் கெட்டிப்படுத்தியது? இரும்பையா, எஃகையா? மூன்றாம் முறை கேட்டபோது, இந்தக் கிட்டை ஏராளமானவர்களுக்கு விற்றிருக்கிறோம், ஒருவரும் குறை சொன்னதில்லை என்று வந்தது.

இந்தக் கேள்வியில் நான் ஏன் விடாப்பிடியாக இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 300-இல் கேம்ஷாஃப்டின் உடலிலேயே வெட்டப்பட்ட சாய்பல் கியர் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் கியரைச் சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் கீழ்முனையில் செருகிய அறுகோணத் தண்டு ஆயில் பம்பைச் சுழற்றுகிறது. ஆகவே தீப்பொறியின் நேரமும் ஆயில் அழுத்தமும் அந்தச் சிறிய கியர் ஒன்றையே நம்பியிருக்கின்றன. இரண்டு தண்டுகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் பற்கள் உருண்டு கடப்பதைவிட வழுக்கி உரசுவதே அதிகம். தொடுமிடமும் ஒரு புள்ளி அளவுதான். இந்த உரசலில் எந்த உலோகம் எதனோடு சேர்கிறது என்பதே கியரின் ஆயுள். வார்ப்பிரும்புக் கேமுக்கு வார்ப்பிரும்புக் கியர் பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து வந்த 300-இல் இருந்தது இந்த ஜோடிதான். கேம் மேற்பரப்பு கெட்டிப்படுத்திய எஃகாக இருந்தால் வெண்கலக் கியரோ, நைட்ரஜன் முறையில் பதப்படுத்திய எஃகுக் கியரோ, அதற்கென்று செய்த பாலிமர் கியரோ வேண்டும். எஃகுக் கேமோடு சாதாரண வார்ப்பிரும்புக் கியரைச் சேர்த்தால் துருவியில் வைத்த தேங்காய்தான்.

பொட்டலம் வந்ததும் சந்தேகம் வலுத்தது. வார்ப்பிரும்புக் கேமில் லோப்களுக்கு (டேப்பட்டைத் தள்ளும் மேடுகளுக்கு) இடையே உள்ள பகுதி அச்சிலிருந்து வந்தபடியே சொரசொரப்பாக இருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் பெரும்பாலும் தெரியும். என் கையில் இருந்ததோ இடைப்பகுதி முழுவதும் லேத்தில் சீராகக் கடைந்தது. ஆங்காங்கே செம்பு நிறப் பூச்சு வேறு. எஃகுக் கேமில் லோப்களை மட்டும் கெட்டிப்படுத்த வேண்டும் என்பதற்காக மற்ற இடங்களில் செம்பு பூசுவார்கள். படம் எடுத்து அனுப்பினேன். ‘தண்டு எஃகு, ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியர் மட்டும் வார்ப்பிரும்பு, தனியாகச் செய்து அழுத்திப் பொருத்தியது, கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட கேம்கள் உண்மையிலேயே விற்பனையில் உண்டு. அதனால்தான் அந்தப் பொய் எடுபட்டது. முழுப்பொய்யைவிட, வேறெங்கோ உண்மையாக இருக்கும் ஒன்றை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

இன்ஜின் ஓடத் தொடங்கிய முதல் சில நாள்கள் நன்றாகவே இருந்தது. பிறகு, தீப்பொறி நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் குறி ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. சரிசெய்தால் மறுவாரம் மறுபடி பின்னுக்குப் போயிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டரைக் கையால் திருப்பினால் லொடலொட என்று ஆடியது. ஆயில் ஃபில்ட்டரை அறுத்து விரித்தபோது மடிப்புகளுக்குள் கருஞ்சாம்பல் தூள். காந்தத்தை நீட்டினால் ஒட்டிக்கொண்டது. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துப் பார்த்தால், கியரின் ஒவ்வொரு பல்லும் கத்தி விளிம்புபோல் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் பற்கள் ஒடிந்து, தீப்பொறி நேரம் குலைந்து, பம்பும் நின்றிருக்கும்.

கேமை ஊரில் இருக்கும் மெஷின் ஷாப்காரரிடம் கொண்டுபோனேன். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியரைச் சுற்றி அழுத்திப் பொருத்திய இணைப்பு எதுவுமில்லை. எல்லாம் ஒரே எஃகுத் துண்டில் வெட்டியது என்று காட்டினார். அந்தக் கியரில் ஒரு கீறலும் இல்லை, மெருகேறிப் பளபளத்தது. தேய்ந்த இரும்புத் தூள் போன வழியெல்லாம்தான் சேதம். மெயின் பேரிங்குகளிலும் கனெக்டிங் ராடு பேரிங்குகளிலும் கோடுகள். பம்பின் உள்ளே கீறல்கள். ரோலர் டேப்பட்டின் ஊசி பேரிங்குகளுக்குள் தூள் புகுந்திருந்தால் கழுவி எடுக்க முடியாது என்பதால் அவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதான் என்றார்.

விற்றவரிடம் தெரிவித்தேன். அதன்பிறகு வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கும் இவைதான் வரும். முதலில், நீங்கள் அதிகக் கொள்ளளவு ஆயில் பம்ப் வைத்திருப்பீர்கள், அதன் பாரத்தால் கியர் தேய்ந்தது என்றார். பெரிய பம்பும் குளிரில் கெட்டியான ஆயிலும் கியரின் பாரத்தைக் கூட்டும் என்பது சரி. என் பம்ப் சாதாரண அளவு, ரசீதை அனுப்பினேன். பிறகு, கேம் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும் என்றார். 300-இல் கேம் கியருக்குப் பின்னால் அதைப் பிடித்து நிறுத்தும் தகடு இருக்கிறது. பொருத்தும்போது அளந்த இடைவெளியின் படமும் என்னிடம் இருந்தது. மூன்றாவதாக, ஆயிலில் துத்தநாகம் போதவில்லை என்றார். இங்குதான் சிரிப்பு வந்தது. 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து பல ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்தார்கள். அதனால் திண்டாடுவது, ரோலர் இல்லாமல் உரசி ஓடும் தட்டையான டேப்பட் கேம்கள். அந்தக் கவலையே இல்லை என்று சொல்லித்தான் இவர் எனக்கு ரோலர் கிட்டை விற்றார்!

கடைசியில் இறங்கி வந்து, வெண்கலக் கியர் ஒன்றைத் தனிவிலைக்குத் தருகிறேன், வாழ்நாள் முழுக்க உழைக்கும் என்றார். வெண்கலக் கியர் தானே தேய்ந்து கேமைக் காப்பாற்றுவது. அடிக்கடி கழற்றிப் பார்த்து மாற்றும் பந்தய வண்டிக்குச் சரி. தினமும் ஓடும் வண்டிக்கு அதை வாழ்நாள் கியர் என்று சொல்வது இரண்டாவது ஏமாற்று. வந்த கியரோ எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினுக்கு உரியது, என் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் தளர்ந்து ஆடியது. ஃபோர்டு சிறிய வி8-களுக்கே 0.467, 0.531 அங்குலம் என்று இரண்டு துளை அளவுகளில் கியர்கள் வருகின்றன. வாங்கும் எவரும் தங்கள் தண்டை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டுதான் கியர் கேட்க வேண்டும்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். அந்த வெண்கலக் கியரின் விலை மட்டும் வந்தது. கேம், டேப்பட், புஷ்ராடு எதற்கும் இல்லை. திருப்பியனுப்பும் கெடு, வாங்கிய நாளிலிருந்து முப்பது நாள் என்று அவருடைய நிபந்தனையில் இருக்கிறது. இன்ஜின் கட்டுபவர்கள் எவருக்கும் தெரியும், கேம் வந்து, பிளாக் மெஷின் ஷாப்பிலிருந்து திரும்பி, எல்லாம் கூடி முதன்முதலாக ஸ்டார்ட் செய்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கிரெடிட் கார்டில் முறையிடலாம் என்றால், அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வங்கி கையை விரித்துவிட்டது. ஆகவே கேம் கையில் கிடைத்த அன்றே அதன் உலோகத்தைச் சோதித்துவிடுங்கள். ஷெல்ஃபில் வைத்தால் கெடு ஷெல்ஃபிலேயே கழிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ‘பொருந்துமா’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கேமின் தண்டு எந்த உலோகம், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் பல் எந்த உலோகம், அது தண்டோடு ஒரே துண்டா, தனியாகப் பொருத்தியதா, எந்த வகைக் கியரை நீங்கள் பரிந்துரைக்கிறீர்கள், அதன் பகுதி எண் என்ன என்று கேளுங்கள். கேம் அரைத்துத் தரும் நல்ல அரைப்பாளர் கேட்காமலேயே இதைச் சொல்வார். 300 போன்ற பழைய ஆறு சிலிண்டருக்கு எல்லா வகைக் கியரும் கடையில் கிடைக்காது; கியர் கிடைக்குமா என்று உறுதி செய்துகொண்டு பிறகு கேமை முடிவு செய்வதுதான் சரியான வரிசை. தனியாக வாங்கும் கியர், தண்டோடு பூட்டும் ஆணிக்கான துளை போடாமல் வரலாம். பழைய கியர் இருந்த அதே உயரத்தில் அதை நிறுத்தித் துளையிட வேண்டும். உயரம் தவறினால் பற்கள் ஓரத்தில் கடிக்கும், அல்லது பம்புத் தண்டு அடியில் முட்டும். பற்களில் நீல மை தடவிக் கையால் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள்.

நான் வேறோர் அரைப்பாளரிடம் வார்ப்பிரும்பில் தட்டை டேப்பட் கேம் வாங்கியிருக்கிறேன், 0.050-இல் 208 டிகிரி. உலோகம், கியர் வகை, பகுதி எண் மூன்றும் அவருடைய அட்டையிலேயே அச்சாகியிருந்தன. புதிய வார்ப்பிரும்புக் கியரோடு பிளாக் மறுபடி கட்டப்படுகிறது.

ஏற்கெனவே இப்படி ஒரு ரோலர் கிட்டைப் பழைய கியரோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு, பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி டிஸ்ட்ரிபியூட்டரை மேலே தூக்குங்கள். தூக்கும்போது பம்பின் அறுகோணத் தண்டு கூடவே வந்து ஆயில் தொட்டிக்குள் விழாமல் கவனம். பல்லின் தலை தட்டையாக இருந்தால் நல்லது. கூராகியிருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு ஆயில் ஃபில்ட்டரை அறுத்துப் பாருங்கள்.