'இன்னும் 1 மட்டும்'னு போட்டிருந்தா கொஞ்சம் நில்லுங்க

ஆவணியில விசேஷம் வச்சுக்கிட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்னு ஆன்லைன்ல தேடிக்கிட்டு இருக்கிற நெல்லைக்காரங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்க. கடை பேரு போடல. புகார் நடந்துக்கிட்டு இருக்கு.

தங்கச்சி அம்பாசமுத்திரத்துல வீடு கட்டியிருக்கா. வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. பொறந்த வீட்டுச் சீரா ஒரு டபுள் டோர் ஃபிரிட்ஜ் கொடுத்துருவோம்னு பேச்சு. ஊரு ஊருக்குக் கிளை வச்சிருக்கிற ஒரு பெரிய கடையோட நெல்லைக் கிளைக்குப் போனேன். கதவைத் திறந்து பார்த்தேன். தட்டு நிறைய பிளாஸ்டிக் ஆப்பிள், திராட்சைக் கொத்து அடுக்கி அழகாத்தான் வச்சிருந்தாங்க. விலை 27,490. "இது டிஸ்பிளே பீஸு அண்ணாச்சி, புதுசு குடோன்ல இருந்துதான் வரணும்"னு விற்பனைப் பையன் உண்மையைத்தான் சொன்னான். நாம கேட்டாத்தான? வீட்டுக்கு வந்து அதே கடையோட ஆப்புல பார்த்தா 25,990. கீழ சிவப்பு எழுத்துல 'இன்னும் 1 மட்டும்'. சனிக்கிழமை அம்பை வீட்டுக்கே வந்துரும்னு தேதியும் போட்டிருந்துச்சு. பால்காய்ப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கேன்னு முழுப் பணத்தையும் கட்டிட்டேன்.

சனிக்கிழமை வரல. மதுரைக் குடோன்ல பேக்கிங் நடக்குதுன்னு ஒரு மெசேஜ், தேதி திங்களுக்குப் போச்சு. திங்கள்கிழமை பார்த்தா மதுரை போயி நாகர்கோவில் வந்துருச்சு, தேதி புதன். புதன்கிழமை தூத்துக்குடி. ஃபிரிட்ஜ் ஒரு இடத்துலயும் வண்டி ஏறல, ஊரு பேரு மட்டும் ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. கால் சென்டர்ல பேசின பொண்ணு ரொம்ப மரியாதைதான். "உங்க ஆர்டர் ப்ராசஸ்ல இருக்கு சார்" தவிர வேற ஒண்ணும் அதுக்குத் தெரியல. அதைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல.

இதே மாதிரி ஒரு கடையோட குடோன்ல நாலு வருசம் வேலை பார்த்த சேக்காளிக்குப் போனைப் போட்டேன். அவன் சொன்னதுதான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"ஏல மாப்ள, ஆர்டர் விழுந்ததும் யாரும் உக்காந்து பார்க்க மாட்டாவ. கம்ப்யூட்டர்தான் பின்கோடைப் பார்த்து, எந்தக் குடோன்ல எந்தக் கடையில ஸ்டாக் இருக்கு, எங்கிருந்து அனுப்பினா செலவு கம்மின்னு கணக்குப் போட்டு ஒரு இடத்துக்குத் தள்ளி விடும். அங்க பெட்டி நசுங்கியிருக்கலாம், நேர்ல வந்த ஆளுக்கு வித்திருக்கலாம். அவன் முடியாதுன்னு திருப்பி விட்டா அடுத்த ஊருக்குப் போவும். ஒவ்வொரு தடவை மாறும்போதும் உனக்குத் தேதி முதல்ல இருந்து எண்ணும். குடோனைப் பொறுத்தவரைக்கும் பரவாயில்ல, அங்க இருக்கிறது பூரா சீல் உடைக்காத பெட்டி. கடைக் கணக்குலதான் வில்லங்கம். டிஸ்பிளேல நிக்கிறதையும் சேர்த்து ஸ்டாக்குன்னு காட்டுத கடை இருக்கு. கடைசியில அதுதான் மிஞ்சும். அதையும் முடியாதுன்னு சொன்னா கடைக்காரனுக்கு மேல இருந்து கேள்வி வரும். அதனால தொடைச்சு பெட்டியில வச்சு அனுப்பிருவான்."

அப்ப என்னோட 'இன்னும் 1 மட்டும்' எதுன்னு கேட்டேன். சிரிச்சான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வண்டி வந்துச்சு. எங்கிருந்துன்னு நினைக்கிறீங்க? நெல்லைக் கடையில இருந்து. பெருமாள்புரத்துல எங்க வீட்டுல இருந்து பதினஞ்சு நிமிசம். நான் அப்ப அம்பையில பந்தல்காரர்கூட பேசிக்கிட்டு நின்னேன். "ஓடிபி சொல்லுங்க அண்ணாச்சி, இன்னும் நாலு வீடு இருக்கு"ன்னு அவசரப்படுத்தவும், தங்கச்சி மாமனார் போனைப் பார்த்துச் சொல்லிட்டார். வயசானவர், அவரை என்ன சொல்ல. வண்டி தெருமுனை திரும்பினதுக்கு அப்புறம்தான் பெட்டியைப் பக்கத்துல போய்ப் பார்த்தேன். கம்பெனி பேரு அச்சடிச்ச டேப்புக்கு மேல சாதா பிரவுன் டேப். சுத்திக் கட்டுற பிளாஸ்டிக் பட்டை கிடையாது. பிரிச்சா தெர்மாகோல் ரெண்டு துண்டா உடைஞ்சு கிடக்கு. பெட்டியில ஒரு சீரியல் நம்பர், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஸ்டிக்கர்ல வேற நம்பர். கதவுல விலை அட்டை ஒட்டின பசை நகத்துல பிசுபிசுன்னு வருது.

அப்பத்தான் மருமவன் அடியில இருந்த காய்கறி டப்பாவை இழுத்தான். ஒரு பச்சை ஆப்பிள் உருண்டு வந்துச்சு. பிளாஸ்டிக். பய அதைக் கடிச்சே பார்த்துட்டான்.

நான் எட்டு நாளைக்கு முன்னாடி கையால திறந்து பார்த்து, டிஸ்பிளே வேண்டாம்னு விட்டுட்டு வந்த அதே ஃபிரிட்ஜ்.

கடைக்குப் போன் போட்டா, "அது ஆன்லைன் ஆர்டர் சார், நாங்க கை வைக்க முடியாது." ஆன்லைன்ல கேட்டா, "ஸ்டோர்ல இருந்து அனுப்பியிருக்காங்க சார், ஸ்டோர்ல பேசுங்க." ஒரே கம்பெனி, ஒரே போர்டு, ஒரே பில். அனுப்பும்போது ரெண்டும் ஒண்ணு, திருப்பும்போது மாமியார் மருமகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம். நாலு நாள் இதுலயே போச்சு. விசேஷத்துக்கு, வண்டி வந்த அந்த வியாழக்கிழமை ராத்திரியே அம்பை பஜார்ல ஒரு அண்ணாச்சி கடையைத் திறந்து வச்சு, 1,200 ரூவா கூட வாங்கினாலும் சீல் பெட்டியைக் குட்டியானையில ஏத்தி ஒன்பதரைக்கு இறக்கிக் கொடுத்தார். ஸ்டெபிலைசரை அவரே மாட்டிவிட்டு ஒரு காப்பியும் குடிச்சுட்டுப் போனார்.

அதுக்கப்புறம் நான் செஞ்சது. பில்லை எடுத்து யார் பேருல விற்பனைன்னு பார்த்தேன். பில்லுல இருக்கிறவன்தான் நமக்குப் பதில் சொல்லணும், எந்தக் கிளை அனுப்புச்சுங்கிறது அவன் வீட்டு விவகாரம். 2020-ல வந்த மின்வணிக விதிப்படி ஆன்லைன்ல விக்கிறவங்க குறைதீர் அதிகாரி பேரையும் தொடர்பு விவரத்தையும் போட்டு வச்சிருக்கணும். புகார் கிடைச்சதுன்னு 48 மணி நேரத்துல பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். ஆப்புல எங்கியோ அடியில அந்தப் பேரு இருந்துச்சு. ரெண்டு சீரியல் நம்பர், டேப்பு, பசை, பச்சை ஆப்பிள் எல்லாத்தையும் போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போட்டுப் பதிஞ்சேன். அதுவரைக்கும் ப்ராசஸ்ல இருந்த ஆளுங்க மறுநாள் காலையில அவங்களாவே கூப்பிட்டாங்க.

எடுத்துட்டுப் போக வந்த பசங்க கையில ஒரு சீட்டும் இல்ல. எழுதிக் கொடுக்காம தரமாட்டேன்னு ஒரு தடவை திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவை சீரியல் நம்பர் போட்டு எழுதி வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்ங்க, இல்லைன்னா ஃபிரிட்ஜும் போயி பணமும் நிக்கும். பதினோரு நாள் கழிச்சு 25,990 வந்துச்சு. டெலிவரிக்குன்னு தனியா வாங்கின 499 வரல. அதுக்காகவே நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறேன். நாம குடியிருக்கிற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 499-க்கு எதுக்கு இந்தப் பாடுன்னு வீட்டுல கேக்காங்க. கேக்கட்டும்.

கடையில இருந்து அனுப்புறதே தப்புன்னு நான் சொல்ல வரல. போன வருசம் எங்கம்மாவுக்கு ஆர்டர் போட்ட மிக்ஸி இதே மாதிரி பக்கத்துக் கடையில இருந்து மறுநாளே சீல் பெட்டியில வந்துச்சு. சின்னச் சாமானைப் பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருப்பாங்க. ஃபிரிட்ஜ், டிவி மாதிரிப் பெரிய சாமான்தான் கடையில ஒண்ணே ஒண்ணு நிக்கும், அதுவும் பெட்டிக்கு வெளிய. பணம் கட்டுறதுக்கு முன்னாடி எங்கிருந்து வருது, குடோனா கடையான்னு கேளுங்க. கடைன்னா சீல் பெட்டியான்னு சாட்டுல எழுத்துல வாங்கி வச்சுக்கிடுங்க. ஆர்டர் ரெண்டாவது தடவை ஊரு மாறினா கேன்சல் போட்டுருங்க, விசேஷம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. ஓடிபி மட்டும் பெட்டியைப் பிரிச்சு நம்பரை ஒப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அந்தப் பையன் முறைச்சாலும் சரி.

போன ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன்கூட அந்தக் கடைக்குப் போக வேண்டி வந்துச்சு. அவருக்கு ஃபேன். அவர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நான் ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். அதே இடம், அதே மாடல். தட்டுல சிவப்பு ஆப்பிள் ரெண்டு, திராட்சைக் கொத்து. பச்சை ஆப்பிள் இல்ல, அது அம்பையில மருமவன்கிட்ட இருக்கு. பின்னாடி எட்டிப் பார்த்து நம்பரை என் போன்ல இருந்த போட்டோவோட ஒப்பிட்டேன். அதே நம்பர்தான்.

ராத்திரி ஆப்பைத் திறந்து நெல்லைப் பின்கோடைப் போட்டேன். 25,990. இன்னும் 1 மட்டும்.