89 வெள்ளிக்கு ஒரு கறுப்பு நூல்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு இழைப் பின்னல் தூண்டில் நூல், 150 மீட்டர், 89 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். நான் வழக்கமாக வாங்குவது 36 வெள்ளி நூல்தான். இணையக் கடையில் பார்த்த இந்தப் பெட்டியில் 'நானோ கார்பன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லிங்க் அனுப்பியது என் மச்சான். "வாங்குங்க மச்சான், இது அறுந்தா நான் மீசைய எடுத்துடுறேன்" என்றான்.

பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். சிப்புக்குள் போகும் முடியை விட மெல்லிய தங்கக் கம்பியைக் கொக்கியில் மாட்டி இழுத்து, எத்தனை கிராமில் அறுகிறது என்று எழுதிவைப்பதுதான் பிழைப்பு. அந்தப் புத்தி போகுமா? நூலை ரீலில் சுற்றும் முன்னாலேயே வீட்டு கேட்டில் ஒரு முனையைக் கட்டினேன், மறுமுனையில் பயணப்பெட்டி நிறுக்கும் தராசு. பத்துத் தடவை இழுத்தேன். பெட்டியில் போட்டிருப்பது 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ. எனக்கு முடிச்சில் சராசரி 9.4 கிலோவில் அறுந்தது. முடிச்சில் பலம் குறைவது பாலித்தீன் நூலின் பிறவிக் குணம், அவ்வளவு வழுக்கும், அதற்காக நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அதே முடிச்சில் 36 வெள்ளி நூல் 9.2 தாங்கியது. இருநூறு கிராம் வித்தியாசம் என் தராசு அடிக்கும் கூத்துக்குள்ளேயே வந்துவிடும்.

சரி, கடலில் பார்ப்போம் என்று பக்கத்தில் இருக்கும் 'பத்து மாவுங்' என்ற கடலோர ஊருக்குப் போனேன். வீச்சு அருமை, சத்தமே இல்லாமல் ஓடுகிறது. இரண்டு கொடுவா கிடைத்தது. மீன் தொட்டதுமே கையில் தெரிகிறது, நைலான் மாதிரி ரப்பராக இழுபடாது. ஆனால் அதுவும் எல்லாப் பாலித்தீன் பின்னலுக்கும் உள்ளதுதான்.

உருப்படியாக ஒன்று கண்டேன். அங்கே தூண்களில் சிப்பி அப்பிக்கிடக்கும், நூல் உரசினால் போச்சு. ஒரு சிப்பியை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் தேய்த்தேன். புது நூல் 40 தேய்ப்பு வரை நின்றது, பழைய ரகம் 34, 35. அட, பரவாயில்லையே என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை கடலுக்குப் போய் வந்தபோது விரலெல்லாம் கரி. நூல் சாம்பல் நிறமாகியிருந்தது. மருந்துக்கடை ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று சாதாரணப் பாலித்தீன். மறுபடி சிப்பியில் தேய்த்தால் 35.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். நானோ கார்பன் ஒன்றும் புளுகு இல்லை. 1991இல் ஜப்பானில் சுமியோ ஈஜிமா என்ற விஞ்ஞானி கார்பன் நானோகுழாய்களைப் பற்றி, அதாவது முடியை விடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய்களைப் பற்றி எழுதியதிலிருந்தே, இவற்றை உறுதியான இழைகளுக்குள் நுழைக்கப் பலர் மெனக்கெடுகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சதீஷ் குமார் குழு 2002இல் பிபிஓ என்ற பாலிமரில் பத்து சதவீதம் நானோகுழாய் சேர்த்து இழை இழுத்தபோது பலம் ஏறத்தாழ பாதி கூடியது. குண்டு துளைக்காத சட்டைக்குப் போகும் கெவ்லார் இழையை உப்பவைத்து அதற்குள் நானோகுழாயை ஊறவிட்டவர்களும் உண்டு.

ஆனால் அது உள்ளே போகவேண்டும், அதுவும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகவேண்டும். நம் வீட்டில் இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவில் ஒரு கட்டி இருந்தால் இழை சரியாக அந்த இடத்தில்தான் அறும். நானோகுழாய்க்குக் கட்டி தட்டுவதில் தனி ஆசை. பிரித்து, பரப்பி, இழையின் போக்கிலேயே படுக்கவைத்து, பாலிமர் அதை இறுகப் பிடித்துக்கொள்ளவும் செய்தால்தான் பாரம் அதன் மேல் ஏறும். அப்படிச் செய்த இழை உள்ளும் புறமும் கறுப்பாக இருக்கும், பஞ்சில் துடைத்தால் வெளுக்காது. இந்த நூலில் இருப்பது மேல்பூச்சு. இழுவையைத் தாங்குவது உள்ளே நீட்டிப் படுத்திருக்கும் பாலித்தீன் சங்கிலிகள்தான், பூச்சு உரசலுக்குக் கொஞ்ச நாள் சட்டை.

விற்றவரிடம் கேட்டேன். "ஜப்பான் டெக்னாலஜி பாஸ்" என்று பதில், கூடவே கட்டைவிரல் படம். அப்புறம் பதிலே இல்லை.

40 வெள்ளிக்குக் கிடைத்தால் வாங்கலாம், நூல் மோசமில்லை. 89 அநியாயம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதில் ஒன்று அந்தக் கொடுவாக்களுக்கு. மச்சான் மீசை அப்படியேதான் இருக்கிறது. நூல் மீன் பிடிக்கும்போது அறவில்லையாம், கேட்டில் கட்டி இழுத்ததெல்லாம் கணக்கில் வராதாம்.